ஆறாவது கணு

மூன்று செடி. ஜெர்மனியில் பதினெட்டு வயது கடந்த ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் வளர்த்துக்கொள்ளலாம் என்று 2024 ஏப்ரல் 1 முதல் சட்டம் சொல்லும் கஞ்சாச் செடிகளின் கணக்கு அது. நான்கு என்றால் குற்றம். மூன்றும் எப்படிப்பட்ட செடிகளாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆணா பெண்ணா என்பது சட்டத்துக்குத் தேவையில்லாத விஷயம். வளர்ப்பவருக்கு அது மட்டும்தான் விஷயம்.

நான் வளர்ப்பவன் இல்லை, புகைப்பவனும் இல்லை. ஸ்டுட்கார்ட்டில் மலைச்சரிவில் இருக்கும் ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். கார் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் வேலை. எனக்கு மேல்வீட்டில் இருப்பவர் அறுபத்தைந்து தாண்டிய ஓய்வுபெற்ற உயிரியல் டீச்சர். இந்தக் கட்டுரையில் அவரை மாடிவீட்டம்மா என்றே சொல்லிக்கொள்கிறேன். இருபது வருடமாக அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறையை உடம்பே தின்னும் நோய். கால் இறுகிக்கொள்ளும், இடது கை நடுங்கும், கண் நரம்பு இரண்டு முறை வீங்கி வற்றியதில் பார்வையின் நடுப்பகுதி கலங்கிவிட்டது. தெருப் பெயர்ப்பலகை தெரியும். அதிலுள்ள எழுத்து தெரியாது.

ராத்திரி காலில் பிடிக்கும் இறுக்கத்துக்குக் கஞ்சா உதவுகிறது என்பது அவர் அனுபவம். 2017 முதல் இங்கே டாக்டர் சீட்டில் வாங்கலாம். ஆனால் அவருடைய காப்பீடு அந்தச் செலவை ஏற்கவில்லை. சட்டம் மாறியதும் எண்பதுக்கு எண்பது சென்டிமீட்டரில் ஒரு துணிக் கூடாரம், ஒரு எல்இடி விளக்கு, மூன்று தொட்டி வாங்கிவிட்டார். எல்லாம் இருந்தது. கண் மட்டும் இல்லை. 2024 அக்டோபரில் ஒரு நாள் படியில் நிறுத்தி, "உங்களுக்கு நாள் முழுக்கச் சின்ன எழுத்தைப் பார்க்கிற வேலைதானே?" என்று கேட்டார். அப்படித்தான் அவருடைய கண்ணாக வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் ஞாயிற்றுக்கிழமை கேக்.

பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவை ஒரே பூவில் இரண்டு பாலையும் வைத்துக்கொள்பவை. ஆண் தனிச்செடி, பெண் தனிச்செடி என்று பிரிந்து வாழ்பவை நூற்றுக்கு ஐந்தாறுதான். கஞ்சா அந்தச் சிறுபான்மை. நம்மைப் போலவே எக்ஸ் எக்ஸ், எக்ஸ் ஒய். மருந்துப் பிசின் ஊறுவது பெண் பூக்கொத்தில், அதுவும் மகரந்தம் படாமல் காத்துக்கொண்டே இருக்கும் பெண் பூவில். மகரந்தம் பட்ட அன்றே அது விதை வளர்க்கும் வேலைக்குப் போய்விடும். அறையில் ஒரே ஒரு ஆண்செடி கவனிக்கப்படாமல் பூத்தால் மற்ற தொட்டிகளும் போச்சு. நாலு மாத உழைப்பு. மாடிவீட்டம்மா கணக்கில் நாலு மாதத் தூக்கம்.

பெண் விதை மட்டும் என்று உத்தரவாதத்தோடு கடையில் கிடைக்கிறது. பெண்செடி மேல் வெள்ளிக் கரைசல் தெளித்தால் அது ஆண்பூ விடும், அந்த மகரந்தத்தை இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்தால் பிறப்பதெல்லாம் பெண். "அதை வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மெண்டல் பாடம் நடத்தியிருக்கிறேன், பாதிக்குப் பாதி என்பதை என் வீட்டில் ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா என்றார். அவர் வாங்கியது சாதா விதை. மூன்று விதைக்குப் பாதிக்குப் பாதி என்றால் எட்டில் ஒரு வாய்ப்பு மூன்றும் ஆணாக. நான் சொன்னேன். அவருக்கு அது ஏற்கனவே தெரியும்.

எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் தாளில் வரைந்து காட்டினார். நடுங்கும் கையில் வரைந்த கோடு என்பதால் படமே ஒரு செடி மாதிரி ஆடியது. தண்டும் கிளையும் சேரும் இடம் கணு. ஒவ்வொரு கணுவிலும் ஒரு கூரான பச்சை முள் மாதிரி ஒன்று நிற்கும். அது வெறும் இலையடிச் செதில், புதிதாய்ப் பார்ப்பவர்கள் அதைத்தான் பெண் என்று நினைத்துக் குதிப்பார்கள். பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால். விதைத்து நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள், கீழிருந்து எண்ணினால் நாலாவது ஐந்தாவது ஆறாவது கணுவில், முன்பூ என்று ஒன்று வரும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். கண்ணீர்த்துளி வடிவில் நுனி கூம்பி, அதிலிருந்து இரண்டு வெள்ளை மயிர் வெளியே வந்தால் பெண். சின்னக் காம்பின் மேல் உருண்டையாக, மிளகு மாதிரி, மயிரே இல்லாமல் நின்றால் ஆண். ஆண் பெரும்பாலும் சில நாள் முந்திக்கொள்ளும்.

கேட்க எளிது. முப்பது மடங்கு பெருக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். மயிர் வெளியே வராத பெண் முன்பூவும் ஆண் மொக்கும் ஆரம்ப நாட்களில் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுமே பச்சை, இரண்டுமே புடைப்பு. காம்பு இருக்கிறதா இல்லையா என்பது பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. அதனால் முடிவு சொல்ல ஒரே வழி காத்திருப்பது. இலையில் ஒரு வட்டம் வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால் நாற்றாக இருக்கும்போதே டிஎன்ஏ பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மாடிவீட்டம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. விளக்கின் பதினெட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டாகக் குறைத்தால் செடி உடனே பூக்க அவசரப்படும், பால் தெரிந்துவிடும். ஆனால் சின்ன வயதிலேயே பூக்க வைத்தால் விளைச்சல் இருக்காது. இதற்குப் பழைய வளர்ப்பாளர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். செடியிலிருந்து ஒரு துண்டு வெட்டி வேர் பிடிக்க வைத்து, அந்தத் துண்டை மட்டும் பன்னிரண்டு மணி நேர இருட்டுக்கு அனுப்புவது. துண்டு பூத்து உண்மையைச் சொல்லும், தாய் நிம்மதியாக வளரும். கேட்டதும் எனக்கு வேலை ஞாபகம்தான் வந்தது. மெயினைத் தொடாமல் ஒரு பிராஞ்ச் இழுத்து அதில் உடைத்துப் பார்ப்பது. ஆனால் துண்டும் ஒரு செடி என்று யாராவது எண்ணிவிட்டால் கணக்கு நாலாகும். அதனால் அதுவும் வேண்டாம் என்றார். ஜெர்மானியர்.

தவறான முடிவுகளில் இரண்டு ஜாதி உண்டு. பெண்ணை ஆண் என்று நினைத்துப் பிடுங்கிவிட்டால் நஷ்டம் ஒரு செடி. ஆணைப் பெண் என்று நினைத்து விட்டுவைத்தால் நஷ்டம் மூன்று. ஆபீஸில் இதை ஒரு ஸ்லைடில் போட்டு, எந்தப் பக்கம் சாய்வது லாபம் என்று பத்து நிமிடத்தில் முடிவுசெய்திருப்போம். இங்கே மொத்தமே மூன்று செடிதான் என்பதால் ஒன்றை இழப்பதும் மூன்றில் ஒரு பங்கு. எந்தப் பக்கமும் சாய முடியாது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு இந்த விஷயம் முழுக்கப் புதிதில்லை. எங்கள் ஊர் செய்யாறு. அங்கே திருவோத்தூர் கோயிலின் தலமரம் பனை. அடியவர் ஒருவர் ஆசையாக வைத்து வளர்த்த பனையெல்லாம் ஆணாகிவிட, ஊர் கேலி பேச, ஞானசம்பந்தர் வந்து பதிகம் பாடியதும் அவை பெண்ணாகிக் குலை தள்ளின என்பது தலவரலாறு. சின்ன வயதில் இதை ஒரு மந்திரக் கதையாகக் கேட்டுவிட்டுப் பிரகாரத்தில் ஓடிப்பிடித்து விளையாடப் போய்விடுவோம். இப்போதுதான் அந்த அடியவரின் வயிற்றெரிச்சல் புரிகிறது. கஞ்சா ஐந்து வாரத்தில் சொல்லிவிடும், பப்பாளி ஐந்தாறு மாதத்தில். பனை பாளை விட்டு ஆணா பெண்ணா என்று காட்டப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான் என்பார்கள். பார்த்தது ஆண்பனையாக இருந்தால்?

பப்பாளி அம்மாவின் துறை. ஒரு குழிக்கு மூன்று கன்று வைப்பாள். நீளக் காம்பில் கொத்துக்கொத்தாய்ப் பூத் தொங்கினால் அது ஆண், பிடுங்கு. தண்டோடு ஒட்டிப் பருத்த மொட்டு வந்தால் பெண், விடு. "ஒண்ணு மட்டும் ஆம்பளை இருக்கட்டும், மத்ததெல்லாம் சும்மா சோத்துக்குக் கேடு" என்பாள். இதைச் சொல்லும்போது அப்பா திண்ணையில்தான் இருப்பார்.

ஆனால் கஞ்சா என்ற சொல் எங்கள் வீட்டில் பேசப்படாத சொல். காரணம் மாமா. அம்மாவின் தம்பி. நான் ஆறாவது படிக்கும்போது அவருக்கு இருபத்து மூன்று வயது, நன்றாகக் கேரம் ஆடுவார், என்னை சைக்கிள் முன்பாரில் உட்காரவைத்து ஆற்றுக்குக் கூட்டிப்போவார். பத்தொன்பது வயதில் பிடித்த பழக்கம். பிறகு சுவருக்குள்ளிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, ஏற்கனவே விதை இருந்தவர்களுக்குத்தான் அது முளைக்கிறது, சின்ன வயதில் தொடங்குகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று இன்று படித்துத் தெரிந்து வைத்திருக்கிறேன். படித்ததால் மாமாவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு, நாற்பது தாண்டி, எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறார். கேரம் போர்டு பரணில் இருக்கிறது.

ஆகவே முதன்முதலாக அந்தக் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தபோது மூக்கில் ஏறிய வாசனை எனக்குத் தாவரவியல் வாசனையாக இல்லை. பின்கட்டு வாசனை. மாடிவீட்டம்மாவிடம் சொன்னேன். அவர் உடனே ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வேறு யாரையாவது கேட்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை. ஒரு பொருள் ஒரு வீட்டில் செய்ததை இன்னொரு வீட்டில் எப்படி வேறாகச் செய்கிறது என்று கிட்ட நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

கஞ்சாவில் ஆணைப் பிரித்தெடுக்கும் வேலைக்கென்றே ஆள் இருந்த காலமும் உண்டு. பிரிட்டிஷ் அரசு 1893இல் அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் அடுத்த வருடம் கொடுத்த பல தொகுதி அறிக்கையில் வங்காளத்தின் நவ்காவ் வட்டாரம் விரிவாக வரும். இன்று அது வங்கதேசம். அங்கே உரிமம் பெற்று விளைவித்தவர்கள் வயலுக்கு ஒரு நிபுணரைக் கூட்டிவருவார்கள். பரக்தார் என்று பெயர், பரக் என்றால் சோதித்தல். ஆங்கிலேயர்கள் கஞ்சா டாக்டர் என்று எழுதினார்கள். வரிசை வரிசையாக நடந்து ஆண்செடியை அடையாளம் காட்டுவார், வெட்டுவார்கள். கண்ணாடி கிடையாது, விளக்கு கிடையாது. நம் பக்கம் ஜவ்வாது மலையிலும் அந்தக் காலத்தில் கஞ்சா பயிராகியிருக்கிறது. செய்யாறு உற்பத்தியாவது அந்த மலையில்தான். ஆண்பனை பெண்பனையான ஊருக்கு வரும் தண்ணீர், ஆண்கஞ்சாவைத் தேடிப் பிடுங்கிய மலையிலிருந்து வந்திருக்கிறது. இதில் ஒரு அர்த்தமும் இல்லை. ஆனாலும் மாடிவீட்டம்மாவிடம் சொன்னபோது இரண்டு தடவை சொல்லச்சொல்லிக் கேட்டார்.

நவம்பர் நடுவில், ஐந்தாவது வாரம் முடியும் நேரத்தில், எனக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளி. ஆனால் மாடிவீட்டம்மா ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொள்ளும் மருந்து, ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்பு அணுக்களையே காலிசெய்துவிடும். உடம்பு தன்னையே தின்பதை நிறுத்த அதன் பல்லைப் பிடுங்கிவிடுவது. எனக்குத் தும்மல், அவருக்கு ஆஸ்பத்திரி. எனவே பத்து நாள் மேலே வரக்கூடாது என்று போனில் சொல்லிவிட்டார். பால் தெரியப்போகும் சரியான அந்தப் பத்து நாள்.

போன் கேமராவில் மாட்டும் ஒரு சின்ன லென்ஸை உறையில் போட்டு அவர் வாசலில் வைத்தேன். அவர் படமெடுத்து அனுப்புவார், நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பெரிதாக்கிப் பார்ப்பேன். நடுங்கும் கையில் எடுத்த படங்கள். முதல் நாள் நாற்பது படம் வந்தது, நாற்பதிலும் பச்சைப் புகை. இரண்டாம் நாள் போனைச் சாப்பாட்டு மேசையின் மிளகு உரல் மேல் சாய்த்து வைத்துச் செடித்தொட்டியை அதன் முன்னால் நகர்த்தி எடுத்தார். அதில் ஒரு கணு தெரிந்தது. புடைப்பு இருந்தது. மயிர் இல்லை.

"என்ன?"

"தெரியல. காத்திருக்கலாம்."

"ஆண் என்றால் எத்தனை நாள் இருக்கிறது நமக்கு?"

மொக்கு வெடித்து மகரந்தம் கொட்ட இரண்டு மூன்று வாரம் இருக்கும் என்று அவருக்கே தெரியும். என் வாயால் கேட்க வேண்டும். ஐந்தாவது நாள் முதல் தொட்டியில் இரண்டு வெள்ளைக் கோடு, ஃபோகஸ் இல்லாமல், ஆனால் சந்தேகமில்லாமல். ஏழாவது நாள் இரண்டாவது தொட்டியிலும். மூன்றாவது தொட்டியில் அந்தப் புடைப்பு இரண்டாகி, மூன்றாகி, பத்தாவது நாள் நான் முகக்கவசம் கட்டிக்கொண்டு மேலே போனபோது ஆறாவது கணுவில் சின்னக் காம்பின் மேல் ஒரு குட்டித் திராட்சைக் கொத்து. கண்ணாடியே தேவைப்படவில்லை.

அதைப் பிடுங்கியது நான்தான். அவரால் இழுக்க முடியாது. வேரோடு வந்தது, நல்ல வெள்ளை வேர், மூன்று செடியிலும் அதுதான் உயரமாக வளர்ந்திருந்தது. பையில் கட்டும்போது, நம்மூர் ஸ்கேன் சென்டர் வாசல்களில் மாட்டியிருக்கும் போர்டு ஞாபகம் வந்தது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது என்று 1994ஆம் வருடச் சட்டம் எழுதவைத்த போர்டு. உலகில் எங்கே எது தேவையற்ற பால் என்பதை வயிறு தீர்மானிக்கிறது, பணம் தீர்மானிக்கிறது. இதே ஜெர்மனியில் 2022 ஜனவரி வரை முட்டைக் கோழிப் பண்ணைகளில் பிறந்த ஆண் குஞ்சுகளை அன்றே கொன்றுகொண்டிருந்தார்கள், இப்போது தடை. செடிக்கும் குஞ்சுக்கும் பெண்குழந்தைக்கும் ஒரே தராசு வைக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் கண்ணாடியை வைத்து உற்றுப் பார்க்கிற அந்த நொடியில் நாம் தேடுவது ஒரு உயிரை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கான பதிலைத்தான்.

செடிகளுக்குப் பால் உண்டு என்பதைச் சோதனை செய்து எழுதிய ஆள் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்று மாடிவீட்டம்மா சொன்ன பிறகு, டிசம்பரில் ஒரு ஞாயிறு டூபிங்கன் போனேன். ரயிலில் ஒரு மணி நேரம். ருடோல்ஃப் யாகோப் கமராரியுஸ், அங்கே மருத்துவப் பேராசிரியர், தாவரத் தோட்டத்தின் பொறுப்பும் அவரிடம். 1694 ஆகஸ்டில், 29 வயதில், கீஸனில் இருந்த சக பேராசிரியர் வாலன்டினிக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார். மல்பெரி, ஆமணக்கு, மக்காச்சோளம், கீரை என்று எடுத்து, ஆணைப் பிரித்தாலோ ஆண்பூவை நீக்கினாலோ விதை சரியாகப் பிடிக்கவில்லை என்று காட்டினார். கஞ்சாவையும் எடுத்தார். அதில் அவருக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. ஆணை விலக்கிய பிறகும் சில விதை பிடித்தது. நொந்துபோனார். பெண்கஞ்சாவே நெருக்கடியில் தனக்குள் இரண்டொரு ஆண்பூ விட்டுக்கொள்ளும் என்பது இன்று வளர்ப்பாளர் எல்லோருக்கும் தெரியும். மஞ்சளாய்ப் பிஞ்சு வாழைப்பழம் மாதிரி இருப்பதால் அதை வாழைப்பழம் என்றே சொல்கிறார்கள். ஒரு பெண்செடியைப் பெண் என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று இல்லை.

டூபிங்கனில் பழைய தாவரத் தோட்டம் என்று இருப்பது அவருக்கு நூறு வருடம் பிந்தியது. மொட்டை மரங்களுக்கு நடுவில் இரண்டு பேர் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். நானும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். மாடிவீட்டம்மாவுக்கு அதைவிடச் சுவாரசியம் சொற்களில். நாருக்காக ஹெம்ப் பயிரிட்ட பழைய ஜெர்மன் விவசாயிகள், மெலிந்து சீக்கிரம் காய்ந்து சாகும் செடியை ஃபிம்மல் என்று அழைத்தார்கள். குட்டிப்பெண் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தடித்து உயர்ந்து கடைசிவரை நின்று விதை கொடுக்கும் செடிக்கு ஆண்பெயர். அதாவது நேர்மாறு. ஃபிம்மல்தான் உண்மையில் ஆண். ஆங்கிலத்திலும் இதே குளறுபடி உண்டு. பலவீனமாக இருக்கிறது, அப்போ அது பெண்ணாத்தான் இருக்கும் என்று எத்தனையோ தலைமுறை வயலில் நின்று தினம் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். விதை யார் மடியில் இருக்கிறது என்பதைப் பார்த்தும்.

காலியான மூன்றாவது தொட்டிக்கு மறுபடி விதை போட நேரமில்லை. பக்கத்திலிருக்கும் ஒரு வளர்ப்போர் சங்கத்திலிருந்து பதியன் ஒன்று வாங்கலாம் என்று முடிவானது. நிரூபிக்கப்பட்ட பெண்ணிலிருந்து வெட்டிய துண்டு. க்ளோன். பால் பற்றிய கவலை இல்லை. கவலை வேறு.

க்ளோன் என்றதும் நமக்கு ஆட்டுக்குட்டி டாலி ஞாபகம் வரும். வாழைக்கன்று ஞாபகம் வருவதில்லை. வாழையடி வாழையாக வாழ்க என்று கல்யாணப் பத்திரிகையில் வாழ்த்துவது உண்மையில் க்ளோன் வாழ்த்து. தாயின் ருசி மட்டுமல்ல, தாயின் நோயும் அப்படியே வரும். கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி, சிறுமலை என்று பெயர் பெற்ற மலைவாழையை முடிக்கொத்து வைரஸ் அழித்ததில், அசுவினிப்பூச்சிக்கு ஒரு பங்கு என்றால் நோயுள்ள கன்றைத் தெரியாமல் எடுத்து நட்ட கைகளுக்கும் ஒரு பங்கு.

கஞ்சாவில் இப்போதைய பயம் வைராய்டு. வைரஸ் இல்லை, அதைவிடச் சின்னது. கஞ்சாவின் சொந்தக்காரச் செடியான, பீரில் கசப்புக்குப் போடும் ஹாப்பில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. ஹாப்பிலும் ஆண் பெண் தனி, பவேரியாவின் ஹாலர்டாவில் பெண் மட்டும்தான் பயிர், காட்டில் முளைக்கும் ஆண்கொடியைக்கூடத் தேடி அழிப்பார்கள். இந்த ஹாப் வைராய்டு கஞ்சாவுக்கும் வந்துவிட்டது என்று 2019இல் கலிபோர்னியாவில் உறுதியானது. வளர்ச்சி குறையும், தண்டு எளிதில் ஒடியும், பூ சிறுக்கும், பிசின் வற்றும். சில செடிகளில் பூக்கும்வரை ஒன்றுமே தெரியாது. வட்டமான ஒற்றை ஆர்என்ஏ, மொத்தம் 256 எழுத்து. மேலுறை கிடையாது, ஒரு புரதத்துக்குக்கூட அதில் குறிப்பு கிடையாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலே வகை எழுத்து என்பதால் ஒன்றுக்கு இரண்டு பிட், ஆக 64 பைட். ‘வாழையடி வாழை’ என்று யூனிகோடில் இரண்டு தடவை சேமிக்க அந்த இடம் போதாது. எழுதிய நிரல்களிலேயே சிறியது என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் இதன் முன்னால் ஊளைச்சதை.

பரவுவது பெரும்பாலும் கத்தரிக்கோலில். நோயுள்ள செடியை வெட்டிய கோலை ஆல்கஹாலில் துடைத்தால் போதும் என்று நினைப்பார்கள், வைராய்டு அதற்குச் சாகாது. பிளீச்சிங் கரைசலில் நனைக்க வேண்டும். மாடிவீட்டம்மாவிடம் இரண்டு கத்தரிக்கோல், சிவப்புப் பிடி, நீலப் பிடி. சிவப்பு வந்த செடிக்கு. நீலம் வீட்டுச் செடிக்கு. இரண்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னும் பின்னும் கரைசலில். சமையலறையை ஒட்டிய சின்ன சாமான் அறையில் தனி விளக்கு வைத்துப் பதியனை இறக்கினோம். முப்பது நாள். அதுவரை கூடாரத்துப் பக்கம் வரக்கூடாது.

முப்பது ஏன் என்றால், சிலந்திப்பேன் முட்டையிலிருந்து முட்டையிடும் வயதுக்கு வரச் சூடான அறையில் ஒன்றிரண்டு வாரம்தான். இன்று கண்ணுக்குப் படாத ஒரு முட்டை முப்பது நாளில் கண்ணுக்குப் படும் கூட்டமாகிவிடும். தொற்று இருந்தால் அது தன்னைக் காட்டிக்கொள்ள அவகாசம் கொடுப்பதுதான் இதன் நோக்கம். இலையின் அடிப்பக்கத்தைத் தினம் கண்ணாடியில் பார்ப்பது என் வேலை. மஞ்சள் பசை அட்டையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று எண்ணுவது. போகும் வரிசையும் முக்கியம். முதலில் கூடாரம், பிறகு சாமான் அறை, அதோடு வீட்டுக்கு. திரும்பக் கூடாரத்துக்குப் போவதென்றால் சட்டை மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் கடைப்பிடிக்கும் வரிசை.

இதை அம்மாவுக்கு விளக்க நான் தமிழில் சொல் தேடினேன். தனிமைப்படுத்துதல் என்பது 2020க்குப் பிறகு அரசாங்கம் சொல்லிக்கொடுத்தது. அதற்கு முன்னால் நம் வாயில் இருந்த சொல் ஒதுக்கி வைப்பது. அதைச் சொன்னால் சேரியும் தீட்டும் பின்னாலேயே வந்து நிற்கின்றன. கூலிகளாக இலங்கைக்குப் போன நம் ஜனங்களை மண்டபம் கேம்பில் பிடித்துவைத்து உடம்பைச் சோதித்த பிறகுதான் படகேற்றினார்கள். நோய்க்கு நாள் கொடுப்பதும் மனிதரைத் தள்ளிவைப்பதும் ஒரே வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. கொஞ்சம் கௌரவமாக இருந்த ஒன்று அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை. உள்ளே யாரோ இருக்காங்க, பார்த்து வா என்பதைத் திட்டாமல் சொன்ன அடையாளம் அது. வந்த பதியனை மாடிவீட்டம்மா முதல் நாள் எதில் தோய்த்தெடுத்தார் தெரியுமா? வேப்பெண்ணெய் கலந்த தண்ணீரில். பாட்டிலில் நீம் என்று ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் போட்டிருந்தது. அந்தக் கசப்பு நாற்றத்தில் சாமான் அறையே எங்கள் தெரு மாதிரி ஆகிவிட்டது.

பொங்கலன்று அம்மாவிடம் பேசும்போது சொல்லிவிட்டேன். மாடிவீட்டம்மாவைப் பற்றி அவளுக்கு ஏற்கனவே தெரியும். செடி வளர்க்கிறார், ஆண் பெண் பார்த்துக் கொடுக்கிறேன் என்பதும் தெரியும். என்ன செடி என்பது மட்டும் தெரியாது. பப்பாளி மாதிரி ஒன்று என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"கஞ்சாம்மா."

லைன் கட்டாகிவிட்டதா என்று பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்னால் மாமா டிவியில் சத்தம் கூட்டுவது கேட்டது.

"நீ தொடுறியாடா?"

"செடியத் தொடுறேன். வேற எதுவும் இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுபடி மௌனம். பிறகு, "அந்தம்மாவுக்குக் கால் வலி கொறையுதா?"

"தூங்குறாங்க."

"ம்."

அவள் குரல் மாமாவுக்குக் கேட்காத அறைக்கு நகர்ந்தது. கதவு சாத்தும் சத்தம். "உங்க மாமா தூங்கி எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா," என்றாள். மாத்திரையில் படுப்பதை அவள் தூக்கம் என்று கணக்கில் எடுப்பதில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அதற்கு மேல் அதைப் பேசவில்லை. வைக்கும் முன்னால், "கையக் கழுவிட்டு அப்பறம் சாப்புடு," என்றாள். அடுத்த வாரம் அவளே, "புதுசா வந்தது பொழைச்சிக்கிச்சா?" என்று கேட்டாள். எதை என்று சொல்லவில்லை. பக்கத்தில் மாமா இருந்திருப்பார்.

இருபத்து மூன்றாம் நாள் ஆய்வக முடிவு மின்னஞ்சலில் வந்தது. இலை மாதிரியில் வைராய்டு கண்டறியப்படவில்லை. மாடிவீட்டம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்தைப் பெரிதாக்கி அவரும் ஒருமுறை மூக்கை ஒட்டிப் படித்தார். "கண்டறியப்படவில்லை என்பது இல்லை என்பதற்கு இன்னொரு வார்த்தை கிடையாது" என்றார். வைராய்டு செடி முழுக்க ஒரே அளவில் இருக்காது, இலையில் தப்பி வேரில் இருக்கலாம். சிவப்புக் கத்தரிக்கோலால் வேர் நுனி கொஞ்சம் எடுத்து இன்னொரு உறையில் போட்டோம். அந்த முடிவு வர ஒரு வாரம். அதே வாரம் அவருக்கு மருந்து ஏற்றும் தேதி, அதன் பிறகு கொஞ்ச நாள் யாரையும் பக்கத்தில் சேர்ப்பதில்லை. எனக்குத் தும்மல் இல்லையென்றால் முகக்கவசத்தோடு செடியை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம், அவர் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொள்வார் என்று ஏற்பாடு.

முப்பத்தொன்றாம் நாள் சாயங்காலம் அப்படிப் போனேன். வேர் முடிவும் வந்திருந்தது. பதியனைத் தூக்கிக்கொண்டு கூடாரத்தில் மூன்றாவது தொட்டியின் இடத்தில் வைத்தேன். மற்ற இரண்டிலும் வெள்ளை மயிர்கள் கொத்தாக வரத் தொடங்கியிருந்தன. விளக்கு இப்போது பன்னிரண்டு மணி நேரம்தான். முட்டி போட்டு உட்கார்ந்து கீழ்க் கணுவிலிருந்து மஞ்சளாய் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.

"என்ன தெரியுது?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"இதுவரைக்கும் ஒண்ணுமில்ல."

"எத்தனாவது கணுவில் இருக்கிறீர்கள்?"

"நாலு."

"சரி, மேலே போங்கள்."